காலையில் எரிந்து, ஐந்து கிலோமீட்டரில் அணையும் டயர் லைட்

கேள்வி சுருக்கமாக இதுதான்: ஓசூரில் இருக்கிறேன். மூன்று வருடக் கார். டிசம்பர் பிறந்ததில் இருந்து காலையில் வண்டியை எடுத்தால் டேஷ்போர்டில் மஞ்சள் நிற டயர் லைட் எரிகிறது. ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் தானாக அணைந்துவிடுகிறது. பங்க்கில் காற்று பார்த்தால், "33 இருக்கு, கரெக்டா இருக்கு" என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் டயர் காற்றை அளக்கும் சென்சார் போய்விட்டது, நான்கையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. லைட் சொல்வதுதான் சரி. உங்கள் டயரில் காற்று குறைவாக இருக்கிறது. சென்சார் நன்றாக இருப்பதால்தான் அது உங்களுக்குத் தெரிகிறது.

எப்படி என்று பார்ப்போம். டயருக்குள் இருக்கும் காற்று சூடானால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். கார் டயருக்கு 10 டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ (பங்க்கில் சொல்லும் 33 இந்த அலகில்தான்) என்று வைத்துக்கொள்ளலாம். ஓசூரில் மார்கழி விடியலில் 15 டிகிரி, மதியம் 28 டிகிரி என்றால் அதிலேயே 2 பிஎஸ்ஐ போய்விடும். அப்புறம், வண்டி ஓடும்போது டயர் நசுங்கி நிமிர்ந்து சூடாவதால் இன்னொரு 3, 4 பிஎஸ்ஐ ஏறும். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் அழுத்தினால் அதற்கு மேலும் ஏறும். இப்போது உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலையில் டயரில் 26 இருக்கிறது, லைட் எரிகிறது. அஞ்சு கிலோமீட்டர் ஓடியதும் 29, 30 ஆகிறது, லைட் அணைகிறது. அந்தச் சூட்டோடு பங்க்குக்குப் போகிறீர்கள். அங்கே இருக்கும் மெஷின் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும் ரகம். 33 என்று சிவப்பு எண்ணில் வருகிறது. யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்கள் டயரில் ஏழு பிஎஸ்ஐ குறைவு.

சென்சாரில் கோளாறு என்றால் லைட் வேறு மாதிரி நடந்துகொள்ளும். சாவி போட்டதும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் விட்டு விட்டு எரியும், பிறகு நிலையாக எரியும். அதுதான் "எனக்கே உடம்பு சரியில்லை" என்று அந்த அமைப்பு சொல்கிற முறை. விட்டு விட்டு எரியாமல், எடுத்த எடுப்பிலேயே நிலையாக எரிந்தால் அது காற்றைப் பற்றிய புகார். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்காமலேயே சென்சாருக்கு பில் போடும் இடங்கள் உண்டு. நாளை காலை சாவி போட்டதும் உடனே ஸ்டார்ட் செய்யாமல் ஒன்றரை நிமிடம் அந்த லைட்டையே பாருங்கள். சென்சாருக்குள் இருக்கும் பேட்டரி சாதாரணமாக ஐந்து முதல் பத்து வருடம் வரும். மூன்று வருடத்தில் நான்கும் ஒரே நேரத்தில் போவது நம்பும்படி இல்லை. பேட்டரி பலவீனமானால் குளிரில் மக்கர் பண்ணும் என்பது உண்மைதான், ஆனால் அப்போதும் முதலில் விட்டு விட்டுத்தான் எரியும்.

ஆகவே முதல் செலவு சென்சார் இல்லை, ஒரு கேஜ். கையில் பிடித்து அளக்கும் சாதாரண பிரஷர் கேஜ் போதும், டிஜிட்டலோ முள் வைத்ததோ எதுவானாலும் சரி. அதோடு ஒரு நோட்டு. போன் குறிப்பிலும் எழுதலாம், ஆனால் எழுத வேண்டும். காலையில் வண்டியை நகர்த்துவதற்கு முன், வெயில் டயரில் படுவதற்கு முன், நான்கு டயரையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். வீட்டிலிருந்து பங்க் இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கே போய் அளப்பதுகூடப் பரவாயில்லை. அதற்கு மேல் ஓட்டிவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சூடான டயரில் 37 காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடும் தப்பை மட்டும் செய்யாதீர்கள். மறுநாள் காலை லைட் எரியும்.

எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம். பார் கணக்கில் 2.3 என்று போட்டிருந்தால் அது 33 பிஎஸ்ஐ (ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ). ஆள் நிறைய ஏறினால், சாமான் ஏற்றினால் பின் டயருக்கு வேறு அளவு கொடுத்திருப்பார்கள், அதையும் படியுங்கள். டயரின் பக்கச் சுவரில் 44 அல்லது 51 என்று அச்சாகியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று பிடிக்கக் கூடாது. நைட்ரஜன் பிடித்தால் இந்தத் தொல்லை இருக்காது என்று யாராவது சொல்வார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிர்ந்தால் அதுவும் இறங்கும்.

சரி, குளிர்ந்த நிலையில் நான்கையும் 33 ஆக்கிவிட்டீர்கள். லைட் அணைந்துவிட்டது. வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற இடம் இதுதான், உண்மையில் தொடங்குகிற இடமும் இதுதான். அந்த ஏழு பிஎஸ்ஐ எங்கே போனது? இதற்குத்தான் நோட்டு. எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில் பாதி பதில் இருக்கிறது. நான்கு டயரும் மாதம் ஒன்று, இரண்டு பிஎஸ்ஐ சேர்ந்தாற்போல் இறங்கினால் அது ரப்பரின் இயல்பு. மூன்று நான்கு மாதம் காற்று பார்க்காமல் விட்டதற்கான கணக்கு அது, வேறு எதுவும் இல்லை. ஒரு டயர் மட்டும் வாரத்துக்கு இரண்டு, மூன்று இறங்கினால் வால்வு அல்லது ரிம் விளிம்பு. நாளுக்கு இரண்டு, மூன்று என்றால் ஆணி. கண் முன்னால் இறங்கினால் வண்டியை நகர்த்தவே கூடாது. இந்த எல்லைகள் கல்லில் எழுதியவை இல்லை. ஆணி ஒன்று இறுக்கமாக உட்கார்ந்து இரண்டு மாதம் சத்தமில்லாமல் இருந்ததையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்பதை இது காட்டிவிடும்.

தேடுவதற்கு வால்வில் தொடங்குங்கள். பஞ்சர் கடையில் பார்த்திருப்பீர்கள், காற்று பிடித்து முடித்ததும் ஆள் விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்து ஒரு கணம் உற்றுப் பார்ப்பார். குமிழி புடைத்தால் வால்வுப் பின் (உள்ளே காற்றை அடைக்கும் சின்ன ஊசி) லீக். அதைவிட நல்ல சோதனை இன்னும் வரவில்லை. எச்சில் பிடிக்காவிட்டால் சோப்புத் தண்ணீர். வால்வு வாயில் ஒரு சொட்டு, வால்வு ரிம்மில் நுழையும் அடிப்பகுதியில் ஒரு சொட்டு. அடிப்பகுதியில் குமிழி வந்தால் ரப்பர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வாயில் வந்தால் பின்னை ஒரு கால் சுற்று இறுக்கிப் பாருங்கள், நிற்கவில்லை என்றால் மாற்றுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. உள்ளே சென்சார் உள்ள சக்கரங்களில் பல நேரம் வால்வுத் தண்டு அலுமினியத்தில் இருக்கும். அதற்கு நிக்கல் பூசிய பின் போட வேண்டும். கடைக்காரர் கைக்குக் கிடைத்த சாதாரணப் பித்தளைப் பின்னைத் திருகிவிட்டால், மழை ஈரத்தில் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அரித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு வருடம் கழித்துக் கழற்றப் போனால் தண்டே முறியும், தண்டோடு சென்சாரும் போகும். அழகுக்காகப் போடும் உலோக மூடியும் அப்படித்தான் இறுகிவிடும். பிளாஸ்டிக் மூடியே போதும்.

அடுத்தது ஆணி. டயரின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆணி இல்லை என்று சொல்லிவிடுவோம். தரையில் பதிந்திருக்கும் பகுதியும், வளைவுக்குள் மறைந்திருக்கும் பகுதியும் யார் பார்ப்பது? பார்த்த இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, வண்டியை அரைச் சுற்று முன்னால் நகர்த்தி மறுபடி பாருங்கள். டயரின் பட்டன்களுக்கு (ரப்பர் கட்டைகளுக்கு) நடுவே பளபளவென்று ஒரு புள்ளி, தேய்ந்த ஸ்க்ரூ தலை, கண்ணாடிச் சில்லு, எது இருந்தாலும் அதில் சோப்புத் தண்ணீர் விடுங்கள். கண்டுபிடித்த உற்சாகத்தில் பிடுங்கிவிடாதீர்கள். அதுதான் இப்போதைக்கு மூடி. அப்படியே பஞ்சர் கடைக்கு ஓட்டிப் போங்கள். சாலையில் படும் பகுதியில் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவரில் இருந்தால் ஒட்டக் கூடாது, டயர் மாற்ற வேண்டியதுதான்.

ஆணியும் இல்லை, வால்வும் சரி, இருந்தாலும் வாரம் மூன்று இறங்குகிறது என்றால் ரிம் விளிம்பு. டயர் ரிம்மோடு உட்காரும் வட்டம் முழுவதும் சோப்புத் தண்ணீரை அடித்துவிட்டு அவசரப்படாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இந்த லீக் பெரிய குமிழி விடாது. சோற்றுப்பானை விளிம்பில் நுரை பொங்குவது போல மெல்லிய வெள்ளைக் கோடாக வரும். அலாய் வீல் என்றால் உள்ளே அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி படிந்திருக்கும். கடலோர ஊர் வண்டிகளில் இது சீக்கிரம் வரும். டயரைக் கழற்றி, அந்தப் பொடியைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்து, விளிம்புக்கான சீலர் தடவி மாட்டினால் நின்றுவிடும். பள்ளத்தில் விழுந்த வண்டி என்றால் ரிம்மின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பளிச்சென்று இருக்கும் அலாய், உள்பக்கம் தலைமுடி அளவுக்கு விரிசல் விட்டிருக்கும்.

டயரைக் கழற்றுவதற்கு முன் கடைக்காரரிடம் "அண்ணே, உள்ளே சென்சார் இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். வால்வுக்கு நேர் பின்னால் தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். மெஷினின் கத்தியை வால்வுப் பக்கத்தில் வைத்து டயரை அழுத்தினால் அது உடையும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் வைத்து அழுத்தினால் தப்பிக்கும். தெரிந்த கைக்கு இது சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எல்லாக் கையும் தெரிந்த கை இல்லை. பஞ்சர் வராமல் தடுக்கும் ஜெல் ஊற்றலாமா என்று அங்கேயே கேட்பார்கள். சென்சாரின் காற்றுத் துளையை அது அடைக்கக்கூடும், எனவே நான் ஊற்றுவதில்லை.

என் வண்டியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். திரையில் இடது முன் டயர் 27 என்று வந்தது. காற்று பிடித்தேன். மறுநாளும் 27. மறுபடி பிடித்தேன். மூன்றாம் நாள் கேஜ் வைத்தால் இடது முன் 38 இருக்கிறது, இடது பின் 26 இருக்கிறது. முந்தைய சர்வீஸில் டயர்களை முன் பின் மாற்றிப் போட்டிருந்தார்கள். சென்சாரும் டயரோடு இடம் மாறிவிட்டது, வண்டியிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அது பழைய முகவரிக்கே கடிதம் போட்டுக்கொண்டிருந்தது. சில கார்கள் இந்த இடமாற்றத்தைத் தாமாகவே கண்டுபிடித்துவிடும், என்னுடையது அந்த ரகம் இல்லை. சோதிப்பது சுலபம். ஒரு டயரில் மட்டும் வேண்டுமென்றே மூன்று பிஎஸ்ஐ இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டி, திரையில் எந்த எண் குறைகிறது என்று பாருங்கள். பார்த்ததும் மறக்காமல் மறுபடி காற்று பிடித்துவிடுங்கள். நின்ற வண்டியில் எண் மாறவில்லை என்று குழம்ப வேண்டாம். பேட்டரியை மிச்சம் பிடிக்கச் சென்சார் தூங்கிக்கொண்டிருக்கும், சக்கரம் சுற்றினால்தான் விழிக்கும்.

எல்லாக் காரிலும் சக்கரத்துக்குள் சென்சார் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் நான்கு டயருக்கும் தனித்தனி எண் வந்தால் சென்சார் உண்டு. எண்ணே வராமல், ரீசெட் செய்ய மட்டும் பட்டனோ மெனுவோ இருந்தால் அது ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) வழியாக ஊகிக்கும் வகை. காற்று குறைந்த டயரின் சுற்றளவு துளி சிறியதாகும், அதனால் மற்ற மூன்றைவிட வேகமாகச் சுற்றும், அந்த வித்தியாசத்தை வைத்து லைட் போடும். உங்களுடையது சூடானதும் தானாக அணைகிறது என்பதால் சென்சார் வகையாகத்தான் இருக்க வேண்டும். ஊகிக்கும் வகை, பெரும்பாலும் ரீசெட் செய்யும்வரை அணையாது. அந்த வகைக் கார் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, லைட் எரிந்ததும் காற்று பார்க்காமல் ரீசெட்டை அழுத்துவது. ரீசெட் என்றால் "இப்போது இருப்பதுதான் சரியான அளவு, இதை நினைவில் வைத்துக்கொள்" என்று அதற்குச் சொல்வது. 25 பிஎஸ்ஐ இருக்கும்போது அழுத்தினால் 25தான் சரி என்று அது படித்துக்கொள்ளும். குளிர்ந்த டயரில் நான்கையும் நிரப்பிவிட்டு அப்புறம்தான் அந்தப் பட்டன். நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று குறைந்தால் இந்த வகையில் பழைய அமைப்புகளுக்குத் தெரியவே தெரியாது, எல்லாம் ஒரே வேகத்தில்தானே சுற்றுகின்றன.

டேஷ்போர்டில் சோலார் பெட்டியும் வால்வுக்கு மூடி மாதிரி திருகும் சென்சாரும் வாங்கிப் போட்டவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அந்த மூடி காற்றை அளப்பதற்காக வால்வுப் பின்னை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருக்கிறது. அதன் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்தால், காற்று குறைவதைச் சொல்ல வந்ததே காற்றை விட்டுக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கழற்றி வைத்துவிட்டு நோட்டைப் பாருங்கள்.

நிஜமாகவே விட்டு விட்டு எரிந்தால் என்ன செய்வது? முதலில் சமீபத்தில் என்ன மாறியது என்று யோசியுங்கள். ஸ்டெப்னி மாட்டியிருக்கிறதா? பல கார்களில் ஸ்டெப்னிக்குச் சென்சார் கிடையாது, கொஞ்ச தூரம் ஓட்டியதும் காணோம் என்று லைட் எரியும், அது கோளாறு இல்லை. பஞ்சர் ஒட்டியதற்கு மறுநாளா? அப்படியானால் உள்ளே உடைந்திருக்கலாம். புது அலாய் போட்டீர்களா? பழைய சக்கரத்தின் சென்சார்களை அதில் மாட்டினார்களா என்று கேளுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் மலிவான சார்ஜரோ புதுக் கேமராவோ செருகியிருந்தால் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். சென்சார் ரேடியோ அலையில்தான் பேசுகிறது, அதற்கு இடைஞ்சல் வரலாம். இவை எதுவும் இல்லாமல் ஆறு, ஏழு வருட வண்டி என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும், அதைத் தனியாக மாற்ற முடியாதபடி பிசினில் புதைத்திருப்பார்கள், சென்சாரையே மாற்ற வேண்டும். அப்போதும் நான்கையும் மாற்றுங்கள் என்று ஒருவர் சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஸ்கேனர் வைத்து எண், அழுத்தம், பேட்டரி நிலை காட்ட முடியுமா?" கையடக்கக் கருவியை வால்வுப் பக்கம் காட்டினால் உயிருள்ள சென்சார் பதில் சொல்லும். நான்கும் பதில் சொல்லி, வண்டி மட்டும் கேட்கவில்லை என்றால் பழுது ரிசீவரில். புதுச் சென்சார் போட்டால் அதன் அடையாள எண்ணை வண்டியில் பதிய வேண்டும். பதியாமல் அனுப்பினால் மறுபடி விட்டு விட்டு எரியும்.

மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தில் இருந்து ஏறினால் குளிரில் டயர் மூன்று பிஎஸ்ஐ இழக்கும், ஆனால் வெளிக்காற்றின் அழுத்தமும் சுமார் மூன்று பிஎஸ்ஐ குறைந்துவிடுவதால் கேஜ் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டும். சில கார்களின் சென்சாருக்கு இந்த வெளிக்காற்றுக் கணக்கு தெரியாது, திரையில் மட்டும் மூன்று குறைத்துக் காட்டும். அங்கே கேஜை நம்புங்கள்.

இந்த லைட்டை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்றால், அது தாமதமாக வரும் லைட். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து வண்டிகள் உருண்ட பிறகு அங்கே கொண்டுவந்த சட்டத்தில் இருந்துதான் இது கட்டாயமானது. அந்த விதிப்படி, சொன்ன அளவில் 25 சதவீதம் குறைந்தால்தான் லைட் எரிந்தாக வேண்டும். ஐரோப்பிய விதியில் 20 சதவீதம். 33 பிடிக்க வேண்டிய டயரில் 29 இருந்தால் லைட் வாயே திறக்காது. ஆனால் டயரின் இரு ஓரமும் தேய ஆரம்பித்திருக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். அது எரிகிறது என்றால் 26, 25க்கு வந்துவிட்டது. கோடை வெயிலில், குடும்பத்தோடு, கிருஷ்ணகிரி சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போக அது போதாது. ஓடும்போது திடீரென்று எரிந்தால் பிரேக்கை மிதிக்காமல் வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் பாதுகாப்பாக ஒதுங்கக்கூடிய இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் பங்க்வரை தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். பாதிக் காற்றில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் பக்கச் சுவர் உள்ளே நசுங்கி, ஒட்டி முடிய வேண்டிய பஞ்சர் புது டயரில் போய் முடியும்.

ஆக, நீங்கள் செய்ய வேண்டியது: நாளை காலை லைட் விட்டு விட்டு எரிகிறதா, நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். வண்டியை நகர்த்தாமல் நான்கையும் அளந்து எழுதுங்கள், அந்த மாதிரிக் குளிர்ந்த நிலையிலேயே 33 ஆக்குங்கள். சின்ன பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் இது சுலபம். இல்லையென்றால் பங்க்குக்குப் போய், வீட்டில் எழுதிய எண் 33க்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவை உங்கள் கேஜை வைத்தே கூட்டுங்கள். ஏழு நாள், தினம் காலை, அதே கேஜ். நான்கும் 33, 32 என்று நின்றால் சென்சாருக்குச் செலவழிக்க ஒன்றுமே இல்லை. ஒன்று மட்டும் இறங்கினால் எங்கே தேடுவது என்று மேலே சொல்லிவிட்டேன்.

கேஜ் கையில் இருக்கும்போதே ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். டிபிஎம்எஸ்ஸும் (டயர் காற்றைக் கண்காணித்து இந்த லைட்டைப் போடும் அமைப்பு) பஞ்சர் கிட்டும் உள்ள காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் இந்திய விதி மாறியது, அதனால் உங்கள் காரில் இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். என் வண்டியில் இருந்தது. வாங்கிய நாளில் இருந்து தொட்டதே இல்லை. வைத்துப் பார்த்தால் 14.